பீப்பாயைத் திறந்தால் மூன்று நாள்

பீப்பாயருகே காதை வைத்துக் கேட்டால் மெல்லிய சீறல் கேட்கும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில், ஆடுகளையும் கற்சுவர்களையும் தவிர அதிகம் எதுவும் இல்லாத ஒரு கிராமத்துப் பப்பின் நிலவறையில் அதை நான் கேட்டேன். பப்பை நடத்தும் அம்மா, “தலை பத்திரம், லவ்” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னே படியிறங்கினார். அந்தப் பக்கத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருமே ‘லவ்’தான்.

வெள்ளையடித்த சுவர், ஈரத் தரை, நல்ல குளிர். பீப்பாய்கள் தாங்கிகளின்மேல் படுத்துக் கிடந்தன. உள்ளே இருக்கும் ‘ஏல்’ என்ற பியர், ஆலையிலேயே வேலை முடிந்து வந்த சரக்கு அல்ல. அதில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசிக் கட்ட நொதிப்பு இங்கேதான் நடக்கிறது. பீப்பாயின் மேல்துளையில் செருகிய மென்மர ஆப்பைச் சுற்றி நுரை கசிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துணியால் துடைத்தார். சீறல் அடங்கியதும் இதைப் பிடுங்கிவிட்டுக் காற்றுப் புகாத கடின மர ஆப்பை அடிப்பார்கள். கலங்கல் அடியில் படிய ஒரு நாளாவது அசைக்காமல் விட வேண்டும். சீக்கிரம் தெளிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். மரக்கறி உண்பவர்களை நினைத்துச் சில ஆலைகள் இப்போது அதைக் கைவிட்டிருக்கின்றன. நிலவறை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற கவனம் அந்த அம்மாவிடம் இருந்தது.

சிறிய பீப்பாய் ஒன்றில் 72 பைன்ட். ஒரு பைன்ட் 568 மில்லி. முதல் பைன்ட்டை இழுத்ததுமே, பியர் வெளியேறிய இடத்தில் காற்று புகுந்துவிடும். மூன்று நாள்போல நன்றாக இருக்கும். பிறகு சுவை மங்கிப் புளிக்கத் தொடங்கும். அப்படியானால் ஒரே ஒரு வகையில் மட்டும் நாளொன்றுக்கு 24 பைன்ட் போயாக வேண்டும். அதுவும் சில நூறு பேர் வாழும் ஊரில்! ஊர் வந்தால்தான் ஏல் நன்றாக இருக்கும், ஏல் நன்றாக இருந்தால்தான் ஊர் வரும். கிராமத்துப் பப்பின் வாழ்வும் சாவும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஊர் ஏன் வருகிறது என்பது மேலே வந்தால் விளங்கும். மேசைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வர வேண்டும். அங்கே வரிசையென்று ஒன்றும் கிடையாது, ஆனாலும் அடுத்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். நான் ஓரமாகத் தயங்கி நின்றபோது ஒரு பெரியவர் தன் முறையை விட்டு, “இவர் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார்” என்று என்னைக் காட்டினார். பிறகு அவரோடு பேசாமல் இருக்க முடியுமா? ஆட்டு விலையில் தொடங்கி மழைக்குப் போய், எங்கள் ஊரில் எந்த மாதம் மழை என்பதுவரை வந்துவிட்டோம். அவருடைய நாய் என் காலடியில் தூங்கியது.

இந்தப் பப் வாழ்வைக் கெடுக்கப் பல கைகள் சேர்ந்தன. நொதிப்பை நிறுத்தி, வாயு ஏற்றி அடைத்த பியர் நிலவறை வேலையே வேண்டாம் என்று ஆக்கியது. அதை எதிர்த்து 1971-இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய ‘காம்ரா’ இயக்கம் இல்லாவிட்டால் அந்தச் சீறலை நான் கேட்டிருக்க மாட்டேன். பெரிய ஆலைகளின் பிடியைத் தளர்த்த 1989-இல் போட்ட அரசாணையால் ஆயிரக்கணக்கான பப்கள் கைமாறின. ஆனால் அவற்றில் ஏராளமானவை ஊரையே அறியாத சொத்து நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. சூப்பர்மார்க்கெட்டில் பியர் மலிவு. அழகான கிராமங்களில் பப்பை மூடி வீடாக்கி விற்றால் லாபம் அதிகம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கடைசிக் காரணம்தான்.

வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூர் இதற்கு ஒரு வழி கண்டது. அங்குள்ள ‘ஓல்ட் கிரவுன்’ பப்பை 2003-இல் ஊராரும் நண்பர்களும் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். பிரிட்டனில் இப்படி வாங்கப்பட்ட முன்னோடிப் பப்களில் அதுவும் ஒன்று. பின்கட்டுக் களஞ்சியத்தில் இயங்கிய பியர் ஆலையை அதற்கு முன்பே கூட்டுறவாக்கியிருந்தார்கள். ஸ்கிடா, பிளென்காத்ரா என்று சுற்றியுள்ள மலைகளின் பெயரையே தங்கள் ஏல்களுக்கு வைத்தார்கள். 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, சமூகச் சொத்தாகப் பட்டியலிட்ட பப்பை விற்க முனைந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். பல ஊர்கள் கேட்டு வாங்கியும் இருக்கின்றன. வாங்கிய பிறகு, மழை கொட்டும் செவ்வாய்க்கிழமை இரவிலும் பங்குதாரர்களில் சிலர் வந்து உட்கார்ந்தாக வேண்டும்.

அந்தப் பக்கம் போகிற நம்மவர்கள் வாரநாளில் போவது நல்லது. கூட்டம் இருக்காது, பேச ஆள் கிடைக்கும். எந்தப் பீப்பாய் இன்று திறந்தது என்று கேட்டால் சிறிய தம்ளரில் கொஞ்சம் ஊற்றி ருசி பார்க்கத் தருவார்கள். குடிக்காதவர்கள் எலுமிச்சை பானம் ஒன்றை வாங்கிக்கொண்டு கணப்பருகே உட்காரலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை.