தாத்தாவின் ரஷ்யக் கேமரா



எங்க வீட்டு பீரோவில் ஒரு பழைய தோல் பை இருக்கு. சின்ன வயசுல அதைத் தொட்டாலே தாத்தா திட்டுவார். இந்த வருஷம் முழுப் பரீட்சை லீவுல அவரே அதை எடுத்து என் மடியில வெச்சார். உள்ளே ஒரு கேமரா. பேரு ஜோர்க்கி-4, ரஷ்யாவில் செஞ்சது. தேரடித் தெருவுல ஒரு போட்டோ ஸ்டுடியோவில் தாத்தா முப்பது வருஷம் வேலை பார்த்தார். கடையை மூடும்போது முதலாளி நினைவாகக் கொடுத்ததாம்.

"ஏன் தாத்தா இப்ப எனக்குத் தர்றீங்க?" என்று கேட்டேன். "எனக்கு அந்த மஞ்சக் கட்டம் தெரியல பாப்பா" என்றார்.

மஞ்சள் கட்டம் என்றால் என்ன என்று சொல்கிறேன். உங்க கட்டை விரலை முகத்துக்கு நேரா நீட்டுங்க. ஒரு கண்ணை மூடிப் பாருங்க, பிறகு இன்னொரு கண்ணை மூடிப் பாருங்க. விரல் இடம் மாறிக் குதிக்கும். கையைத் தூரமா நீட்டினால் குறைவாகக் குதிக்கும். இந்தக் கேமராவுக்கும் அதே மாதிரி முன்னால ரெண்டு ஜன்னல் இருக்கு. கண்ணை வெச்சுப் பார்த்தால் நடுவுல சின்னதாக மஞ்சள் நிறக் கட்டம். அதுக்குள்ள எல்லாமே ரெண்டு ரெண்டாகத் தெரியும். ஆயாவுக்கு ரெண்டு மூக்கு! லென்ஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினால் ஒரு மூக்கு நகர்ந்து வந்து இன்னொண்ணு மேல உட்காரும். ரெண்டும் ஒண்ணானால் தூரம் சரி, படம் தெளிவாக விழும். இதைத்தான் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்று சொல்கிறார்கள். ஜெர்மனியில் 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவில் 1932-இல் இந்த வசதியைச் சேர்த்தார்கள். அதைப் பார்த்துத்தான் ரஷ்யாவில் ஜோர்க்கி செஞ்சாங்க.

லென்ஸ் பேரு ஜூபிடர்-8, 50 மில்லிமீட்டர். அதில் 2 என்ற எண்ணில் வெச்சால் முகம் மட்டும் தெளிவாக இருக்கும், பின்னாடி இருக்கிற சுவரு, மரம் எல்லாம் பஞ்சு மாதிரி கரைஞ்சிடும். பேட்டரி கிடையாது. வெளிச்சத்தை நாமேதான் கணக்குப் போடணும். "200 பிலிமுக்கு நல்ல வெயில்னா 16, வேகம் 250. நிழல்னா 5.6" என்று தாத்தா வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்தார். குமிழைத் திருகின பிறகுதான் வேகத்தை மாத்தணும், முன்னாடியே மாத்தினால் கெட்டுப் போயிடுமாம்.

உங்களுக்கு ஒரு ஆச்சரியமான செய்தி. இப்படிப்பட்ட கேமராவோடு உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம்ம ஊருக்கே வந்திருக்கிறார். அவர் பிரான்ஸ் நாட்டின் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் (1908-2004). அவரிடம் இருந்தது லைக்கா. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் போடுவாராம். பளபளப்பு தெரிந்தால் ஜனங்க கேமராவையே பார்ப்பாங்க என்று கறுப்பு டேப் ஒட்டி வைப்பாராம். 1948 ஜனவரி 30, காந்தியடிகள் சுடப்பட்ட அன்றைக்கு அவரைச் சந்தித்தவர்களில் இவரும் ஒருவர். 1950 ஏப்ரலில் இங்கே வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 ராத்திரி வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் போவதைப் பார்த்து வாட்சைப் பார்த்தாராம், மணி 8.47. அதே நேரத்தில்தான் மகரிஷி மறைந்தார். நாம தினமும் பார்க்கிற மலையை அவரும் பார்த்திருக்கிறார் என்று நினைச்சால் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

சென்னையில இருந்து சித்தப்பா ஒரு பிலிம் ரோல் வாங்கி அனுப்பினார். 36 படம். விலை கேட்டு ஆயா தலையில் கை வெச்சுக்கிட்டாங்க. போன்ல எடுக்கிற மாதிரி சும்மா சும்மா அழுத்த முடியாது. வீட்டு ஆடு, கிரிவலம் போற ஜனங்க, அகல் விளக்கு அடுக்கி வெச்ச கடை, தெரு முனைப் புளியமரம் என்று ரெண்டு மாசம் யோசிச்சு யோசிச்சு எடுத்தேன்.

கடைசிப் படம் ஆயாவை எடுக்கணும் என்பது தாத்தாவின் ஆசை. ஊர்ல எத்தனையோ கல்யாணத்துக்குப் படம் எடுத்த தாத்தா, ஆயாவைத் தனியா ஒரு படம்கூட எடுத்ததில்லை. பிலிம் முதலாளியோடது, அதனால எடுக்கலையாம். ஆயா கல்யாணப் புடவை கட்டிக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்தாங்க. "சீக்கிரம் எடுடி, அடுப்புல பால் இருக்கு" என்றாங்க. நான் ரெண்டு மூக்கை ஒண்ணாக்க வளையத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தேன். அப்பதான் முதல் முறையா ஆயா முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தேன். இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு. இத்தனை வருஷமா எனக்கு அது தெரியாது. தாத்தா பக்கத்துல நின்னு ஏதோ சொன்னார், ஆயா வாய்விட்டுச் சிரிச்சாங்க. அழுத்திட்டேன்.

அதுக்கப்புறம் குமிழ் சுத்தல. பிலிமைத் திரும்ப டப்பாக்குள்ள சுத்தின பிறகுதான் திறக்கணும் என்று தாத்தா சொல்லியிருந்தார். சந்தோஷத்துல மறந்துட்டு, வாசல்லயே பின்பக்கத்தைக் கழட்டிட்டேன். வெயில் உள்ளே போயிடுச்சு. தாத்தா சத்தம் கேட்டு ஓடி வந்தார். திட்டவே இல்ல. "உள் சுத்துல இருக்கிறது தப்பிச்சிருக்கும், மூடு" என்று மட்டும் சொன்னார்.

மூணு வாரம் கழிச்சு சென்னையில இருந்து படங்கள் வந்தது. ஆடு வந்திருக்கு, புளியமரம் வந்திருக்கு, மொத்தம் 22 படம். ஆயா வரல. அழுதேன். ஆயாதான், "நான் எங்கடி போகப் போறேன்? இங்கதானே இருக்கேன்" என்றாங்க.

ஆனா எனக்குத் தெரியும், தாத்தா அந்தப் படங்களைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு ஒண்ணு ஒண்ணாத் தேடிப் பார்த்தார்.

அடுத்த ரோலுக்கு உண்டியல்ல 340 ரூபாய் சேர்ந்திருக்கு. தாத்தாவுக்கு இப்ப இருக்கிற பார்வை குறையறதுக்குள்ள வாங்கணும். இந்தத் தடவை முதல் படமே ஆயாதான். நல்லா வந்தால் இதே சுவர் இதழில் ஒட்டுவேன், எல்லாரும் வந்து பாருங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி