சுவாசப்பையில் ஒரு முடிச்சு

“கட்டி” என்னும் சொல்லைப்போல் ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கும் சொல் பிறிதொன்றில்லை. கொலன்னாவையில் வசிக்கும் நம் அத்தான் சென்ற ஆண்டு நீடித்த இருமலுக்காக ஸ்கான் எடுத்தார். வலது சுவாசப்பையின் மேற்புறத்தில் 7 மில்லிமீற்றர் அளவில் ஒரு ‘நொடியூல்’ இருப்பதாக அறிக்கை கூறிற்று. யாரோ அதனைக் கட்டி என்று பெயர்த்துரைக்க, அன்று மாலையே மகளின் திருமணத்தைத் தள்ளிப்போடும் பேச்சு எழுந்தது.

தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் நமக்கு முதல் வழக்கு அச்சொல்லோடுதான். இலத்தீன் மூலத்தில் அதற்குச் சிறு முடிச்சு என்பதே பொருள். அது நோயின் பெயரன்று. படத்திலே தெரியும் உருவத்தின் பெயர். 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாதவற்றையே அவ்வாறு அழைப்பர். 6 மில்லிமீற்றருக்குக் குறைந்தவற்றிற் புற்றுநோய் இருப்பது மிக அரிது. அளவு பெருகுதல், ஓரம் முட்கள்போல் நீண்டிருத்தல், முதிய வயது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைத்தல், இவை சேரச் சேர ஐயம் வலுக்கும்.

அமெரிக்காவிலே நெடுநாள் புகைத்தோரிடம் நடத்தப்பெற்று 2011இல் வெளியான பேராய்வு ஒன்றில், ஸ்கான் ஐயம் காட்டியவற்றுள் நூற்றுக்கு 96 புற்றுநோயல்லவெனத் தெரிந்தது. ஆயினும் வெறும் எக்ஸ்ரே எடுத்தோரைவிட ஸ்கான் எடுத்தோரிடையே சுவாசப்பைப் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 20 குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்தல் வேண்டும்.

நம் நாட்டிலோ காசநோய் இன்னும் ஒழிந்தபாடில்லை. அது ஆறிய வடுவும் முடிச்சாகவே தோன்றும். சுவாசப்பையின் மேற்புறம் அது விரும்பித் தங்கும் இடம். ஆதலால் வைத்தியர் முதலிற் கேட்டது, “பழைய படம் ஏதும் உண்டா?” என்பதே. அத்தான் 1994இல் வெலிசறையிற் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். எதையும் எறியாத நம் தமக்கையார் அலுமாரியிற் சேலைகளுக்கு அடியிலிருந்து அந்த எக்ஸ்ரேயை எடுத்துத் தந்தார். அதே இடம், அதே புள்ளி! திருமணம் குறித்த நாளிலேயே நடந்தது.

பழைய படம் இல்லாதோர் காலத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். 6 முதல் 8 மில்லிமீற்றர் வரையான திண்மையான முடிச்சாயின், 6 முதல் 12 மாதங்களுள் மறுபடியும் ஸ்கான் எடுப்பது வழக்கம். 2 ஆண்டுகள் வளராதிருப்பின் பெரும்பாலும் தீங்கற்றது. பனிப்புகைபோல் மங்கலானவற்றை 5 ஆண்டுகள்வரை கவனிப்பர்.

நம் நண்பர் ஒருவர், முப்பதாண்டு புகைத்தவர், அத்தகைய மறுதிகதி கடந்தும் போகாதிருக்கிறார். “உங்கள் அத்தானுக்கு வடுதானே?” என்கிறார். அவருக்குக் காசநோய் வந்ததுமில்லை, பழைய படமுமில்லை. வரும் சனிக்கிழமை அவரை நாமே அழைத்துச் செல்லவிருக்கிறோம்.