ஏழு டன் கிழங்கும் முப்பத்தஞ்சு மார்க்கும்

போன வருஷம் (2025) மே 16-ஆம் தேதி. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள். தென்னைக்குத் தண்ணி திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"அண்ணா, பையனுக்கு ரெண்டு பாடம் போயிருச்சுங்ணா. கணக்குல 21, இங்கிலீசுல 28. ஆளை வேற காணோம்."

ஆளைக் காணோம் என்றதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எங்கள் பக்கம் கிணறுகள் அதிகம். ஆளுக்கொரு திசையாக ஓடித் தேடினோம். எங்கள் மோட்டார் ரூமுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரம்மா எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்ல சோறு தின்னு சாமி, மார்க்கு எங்கயும் ஓடிப் போகாது" என்றாள். அப்புறம்தான் அவனுக்கு அழுகையே வந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் மாமன் சத்தீஸ்கரிலிருந்து போன் பண்ணிவிட்டார். "இனி என்னத்தப் படிக்கப் போறான், வண்டிக்கு அனுப்பிவிடுங்க."

நகரத்தில் இருப்பவர்களுக்கு இது புரியாது. வண்டி என்றால் ரிக் வண்டி, போர்வெல் போடும் லாரி. திருச்செங்கோட்டு வண்டிகள் ஓடாத வடமாநிலம் குறைவு. ஏறினால் ஊர் திரும்ப மாசக்கணக்கு ஆகும். ராவும் பகலும் தூசி, சத்தம், கனமான இரும்புக் குழாய். அது கௌரவமான தொழில்தான், அதில் வீடு கட்டினவர்களும் உண்டு. ஆனால் பதினஞ்சு வயசுப் பையன் ஏற வேண்டிய வண்டி அல்ல. முன்பணம் தர ஆள் தயார். அவன் அப்பாவுக்கோ தறிக்காரரிடம் கடன்.

நானும் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன்தான். அன்றைக்கு என் அப்பா சொன்னது ஒரே வரி: "கலெக்டர் வேலை உனக்கு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, மாட்டப் புடி." ஏன் பெயில் ஆனாய் என்று அவரும் கேட்கவில்லை, வாத்தியாரும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்துக்கொள்ள மாடும் காடும் இருந்தது. இந்தப் பையனுக்கு அதுவும் இல்லை.

எனக்கு மனசு ஆறாததற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்தத் தை மாசம் எங்கள் மரவள்ளிக் கிழங்கு லோடு ஜவ்வரிசி மில்லுக்குப் போனபோது இவனும் லீவு நாள் என்று கூட வந்தான். கிழங்குக்கு விலை மாவுச்சத்து பாயிண்டு வைத்துத்தான். 26 பாயிண்டு நின்றது. பாயிண்டுக்கு 250 ரூபாய். எடை ஏழு டன் நானூறு கிலோ. நான் செல்போனில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள், "டன்னு ஆறாயிரத்தி ஐநூறு. ஏழு டன்னுக்கு நாப்பத்தஞ்சாயிரத்தி ஐநூறு, நானூறு கிலோவுக்கு ரெண்டாயிரத்தி அறநூறு. மொத்தம் 48,100 பெரியப்பா. மண்ணு கழிவு நூத்துக்கு ரெண்டுன்னா 962 போயிரும்" என்றான். மில்லுக்காரர் சீட்டில் போட்டதும் அதேதான்.

இந்தப் பையனுக்கா கணக்கில் 21?

மறுநாள் ஒரு நோட்டில் ஐந்தில் இரண்டையும் மூன்றில் ஒன்றையும் பின்னமாக எழுதிக் கூட்டச் சொன்னேன். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டி, எட்டில் மூன்று என்று எழுதினான். ஆறாம் வகுப்புக் கணக்கு. இது தெரியாதவனுக்குப் பத்தாம் வகுப்பு இயற்கணிதம் எப்படி ஏறும்?

பிரேசில் நாட்டில் ரெசிஃபி என்ற ஊரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 1985-ல் வெளிவந்தது. ஐந்தே பிள்ளைகள். வியாபாரத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37-க்குப் போய்விட்டது. அதைப் படித்தபோது கிழங்கு லோடுதான் ஞாபகம் வந்தது. பையனுக்கு மூளை இல்லாமல் இல்லை. தலையில் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவரும் பாலம் எங்கோ அறுந்திருக்கிறது.

தென்னையில் இன்றைக்குக் காய் குறைந்தால் இன்றைய தண்ணியை மட்டும் பார்த்தால் போதாது, ரெண்டு வருஷம் முந்தின வறட்சியையும் கேட்க வேண்டும். அவனிடமும் பின்னால் போய்க் கேட்டேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது ஐந்தாவது. ஆறாவது முழுக்க வீட்டில். கல்வித் தொலைக்காட்சி ஓடியது, ஆனால் அவன் வீட்டில் அதைவிடச் சத்தமாகத் தறி ஓடியது. அம்மாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். 2021 நவம்பரில் திரும்பப் போனபோது ஏழாவது. பின்னம் படிக்கவேண்டிய வருஷம் அப்படியே காணாமல் போயிருந்தது.

எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்தியிருந்தால் அன்றைக்கே முழுநேரத் தறிக்குப் போயிருப்பான். ஆனால் மேலே ஏற்றிவிடும்போது, விட்டுப்போன படியை யாராவது கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். வாத்தியாரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஒரு வகுப்பில் நாற்பது பேர், முடிக்கவேண்டிய பாடம் ஒரு பக்கம். இவன் சத்தமே போடாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். புரியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். சத்தம் போடாத பிள்ளை விழுவது யாருக்கும் கேட்பதில்லை.

எங்கள் நாமக்கல்லுக்கு முட்டையும் லாரியும் எவ்வளவு பேரோ, மார்க்கும் அவ்வளவு பேர். ஹாஸ்டல் பள்ளிகளில் சேர்க்கத் தமிழ்நாடு முழுக்க இருந்து காரில் வருவார்கள். 2017-ல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தும்வரை, மாநில முதலிடத்துப் பிள்ளைகளின் போட்டோ பஸ் ஸ்டாண்டு வரை தொங்கும். 2025-ல் பத்தாவதில் மாநிலத் தேர்ச்சி நூற்றுக்கு 93.8. நல்ல சேதிதான். மிச்சம் உள்ளவர்களுக்கு யார் பேனர் வைக்கிறார்கள்?

ஜூலை முதல் வாரத்தில் துணைத்தேர்வு. கையில் ஏழு வாரம் இருந்தது. எங்கள் காலத்தில் பெயில் என்றால் அக்டோபர் வரை ஊர் சுற்ற வேண்டும், அதற்குள் படிப்பே மறந்துவிடும். இப்போது உடனே எழுதித் தேறினால் அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம். இது பல பெற்றோருக்குத் தெரியவில்லை. அவன் அப்பாவிடம், "ஜூலை வரைக்கும் வண்டி ஓடிப்போயிராது, பொறுங்க" என்று கேட்டுக்கொண்டேன். அரைமனசாய்ச் சரி என்றார்.

எங்கள் ஊரில் டிகிரி முடித்த ஒரு அம்மிணி இருக்கிறது. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தபோது வேப்பமரத்தடியில் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அப்போது ஏழாவது படித்த இவன், சின்னப் பசங்களோடு உட்கார வெட்கப்பட்டுப் போகவில்லையாம். அதனிடமே போய்க் கேட்டேன். கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

அது பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "அரையும் காலும் சேந்தா எவ்வளவு?" என்று கேட்டது. "முக்கால்" என்றான். "எப்படிச் சொன்ன?" கொஞ்சம் யோசித்து, "அரைக்குள்ள ரெண்டு கால் இருக்குக்கா" என்றான். "அதேதான்டா. கீழ இருக்கிற நம்பர ஒண்ணாக்குறதுன்னா அதுதான்." அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் ரெண்டு வாரம் ஐந்தாவது, ஆறாவது பாடம்தான். அப்புறம் வரைபடம், வடிவியல் என்று கட்டாயம் மார்க் தரும் கணக்குகள். இங்கிலீசுக்குத் தினமும் அரைமணி நேரம் சத்தம் போட்டு வாசிப்பு. தறிச் சத்தம் இல்லாத இடம் வேண்டும் என்று எங்கள் திண்ணையை ஒதுக்கினோம். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை தார் சுற்றச் சொல்லக்கூடாது என்று அவன் அம்மாவிடம் பேச்சு. அதனால் அவர்களுக்குக் கூலி குறைந்தது. அந்த நஷ்டத்தை அவர்தான் தாங்கினார், நான் இல்லை.

கணக்கில் 54. இங்கிலீசில் 37. இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். இன்னமும் சனிக்கிழமை திண்ணைக்கு வருகிறான்.

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அதே ரிசல்ட்டில் மேற்குத் தெருவில் இன்னொரு பையனும் பெயில் என்று எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. அவன் ஜூன் மாசமே ரிக் வண்டி ஏறிவிட்டான். ஏழெட்டு வீடு தள்ளித்தான் இருந்தான். அவன் என்னோடு கிழங்கு லோடுக்கு வந்ததில்லை, அதனால் அவனை நான் கேட்கவே இல்லை. இப்படி யாராவது ஒருவர் கண்ணில் பட்டால்தான் தப்பிக்க முடியும் என்றால், அது அதிர்ஷ்டம்தானே, ஏற்பாடு இல்லையே. பெயிலானவர்கள் பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு அன்றைக்கே ஒருவர் நடந்து போனால் போதும்.

அடுத்த மே மாசம் நீங்கள் ஊருக்கு வந்தால், எத்தனை மார்க் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். பெயிலான பிள்ளை இருந்தால் முதலில் சாப்பிட வையுங்கள். மனசு உடைந்திருந்தால் 14417-க்குப் போன் போடலாம், அரசின் உதவி எண். துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட எது கடைசி நாள் என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வகுப்பிலிருந்து புரியவில்லை என்று மெதுவாகக் கேளுங்கள்.

மேற்குத் தெருப் பையன் பொங்கலுக்கு வருவான் என்றார்கள், வரவில்லை. வந்தால் கேட்கவேண்டும். தனித்தேர்வராக எழுத இன்னும் வழி இருக்கிறது.