தாராளம் எங்கே தகும்?

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் தில்லித் தமிழருக்கு அது மந்திரம் போன்றது. ஆயினும், அளந்து போடுவது என்றால் எல்லா இடத்திலும் குறைத்துப் போடுவது என்று பொருளன்று. ஓரிடத்தில் கையை இறுக்குவது, வேறோரிடத்தில் மனம் நிறையச் செலவிடுவதற்காகத்தான். வெளியூர்ப் பயணத்தில் இது நன்கு விளங்கும்.

பயணத்தில் எதற்குத் தாராளமாகச் செலவிடலாம்? நான் கைக்கொண்டிருக்கும் அளவுகோல் எளியது. எங்கும் கிடைப்பதில் சிக்கனம். அங்கே மட்டும் கிடைப்பதில் தாராளம். பளிங்குத் தரையும் பஞ்சணையும் எந்த ஊர் விடுதியிலும் உண்டு. கண்ணை மூடியபின் அந்த அறைக்கும் சத்திரத்து அறைக்கும் வேற்றுமை ஏது? வண்டியோட்டி வலிய அழைத்துச் செல்லும் கடைகளில் வாங்கும் பட்டும் பொம்மையும் அப்படித்தான். பெரும்பாலும் அவருடைய தரகும் அந்த விலையில் அடங்கியிருக்கும்.

எல்லோராவை எடுத்துக்கொள்வோம். சுற்றுலாப் பேருந்தில் ஏறினால் தௌலதாபாத் கோட்டை, எல்லோரா, பீபீ கா மக்பரா ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவார்கள். குறைந்த செலவுதான். ஆனால் எல்லோராவில் மட்டும் 34 குகைகள் இருக்கின்றன. பதினாறாவதான கயிலாசநாதர் கோயில் ஒன்றுக்கே அரைநாள் போதாது. நாங்கள் தனி வண்டி அமர்த்திக்கொண்டு, விஷயம் அறிந்த வழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றோம். அவர் எங்களை நேரே கோயிலுக்குள் அழைத்துப் போகவில்லை. மலைச்சரிவின் வழியே மேலே ஏற்றினார். விமானத்தின் உச்சி எங்கள் பார்வைக்குக் கீழே தெரிந்தது. 8ஆம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், சிற்பிகள் மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்த அருஞ்செயல் அங்கிருந்து பார்த்தால்தான் புலப்படும். கல்லை அடுக்கி எழுப்பிய கோயிலன்று அது. வேண்டாத கல்லை நீக்கி வெளிக்கொணர்ந்த கோயில். ஓர் உளி தவறினால் மாற்றிவைக்க வேறு கல் இல்லை. வழிகாட்டிக்குக் கொடுத்த கூலியை இன்றுவரை நான் செலவாகக் கருதியதில்லை.

பொழுதும் அப்படியே. எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமையும் அஜந்தாவுக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை. அவற்றைத் தவிர்த்து, ஒருநாள் கூடுதலாகத் தங்குமாறு திட்டமிட்டால், அந்த ஒருநாள் வாடகை மிகச் சிறந்த செலவாகும்.

என் அளவுகோலுக்கு ஒரு விலக்கு உண்டு. உறக்கம் எங்கும் கிடைப்பதுதான். எனினும் முதியோர் உடன் வரும்போது அதில் சிக்கனம் கூடாது. சென்னையிலிருந்து தில்லி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். 1976இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தாலும் இரண்டு இரவும் ஒரு பகலும் கழியும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு கீழ்ப்படுக்கை, முழங்கால் வலியுள்ளவர்களுக்கு ஆடம்பரமன்று. இறங்கிய பிறகு பார்க்க வேண்டியவற்றைப் பார்ப்பதற்கான தெம்பை அது காத்துத் தருகிறது.

என் தாயார் எழுபது வயதைக் கடந்தபின் எங்களிடம் வந்திருந்தார். காசிக்கு அழைத்துச் சென்றேன். தங்கியது நகரத்தார் சத்திரத்தில். ஆனால் விடியற்காலையில் துடுப்புப் படகு ஒன்றை எங்கள் இருவருக்காக மட்டும் அமர்த்தினேன். "இவ்வளவு பணமா? ஒரு மாதக் காய்கறி வாங்கலாமேடா!" என்றார். படித்துறைகள் எண்பத்து நான்கு. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க அவர் கால்கள் இடங்கொடா. அசித்துறையில் கைத்தாங்கலாக ஒருமுறை இறங்கினார், அவ்வளவே. காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறாள். துறைகளோ கிழக்கு நோக்கியவை. உதயசூரியனின் ஒளி படிகள் முழுவதிலும் பரவியது. பாரதியார் இளமையில் வாழ்ந்த அனுமன் துறைப் பகுதியைக் கடந்து, குமரகுருபரர் நிறுவிய மடம் அமைந்த கேதாரத் துறையை அடைந்ததும், படகை நிறுத்தச் சொன்னார் அம்மா. குனிந்து நீரை அள்ளினார். மறைந்த என் தந்தையின் பெயரைச் சொல்லி அந்த நீரை விட்டார். அவர் கணவரின் பெயரை உச்சரித்து நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முப்பது பேர் நெருங்கி அமரும் படகில் அந்த அமைதி வாய்த்திராது. அம்மாவும் வாய் திறந்திருக்க மாட்டார். திரும்பும்போது அவர் கூலியைப் பற்றிப் பேசவில்லை. காசியில் வாங்கிய பட்டுப் புடவையை இரண்டுமுறைதான் உடுத்தினார். அந்தக் காலைப்பொழுதைப் பற்றி மட்டும், இருந்த நாள்வரை, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுமுறைக்குப் புறப்படும் அன்பர்கள் வீட்டில் கூடி அமர்ந்து, பணத்தைப் பார்க்காமல் செய்ய வேண்டிய செலவு எது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நன்று. முதியோர் இருந்தால் அவர்களுடைய விருப்பத்தையே முதலில் கேட்க வேண்டும். மற்றச் செலவுகளை வழக்கம்போல் அளந்து போடலாம்.