கரிசல் மண்ணில் டிராக்டர் பாடம்

"தைப் பனி தரையைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் பெரம்பலூருக்கு அருகே ஒரு களத்து மேட்டில் நின்றபோது, அந்தப் பழமொழியின் உண்மையை நாம் நன்றாக அறிந்துகொண்டோம். இருபதடி தூரத்தில் இருந்த வேப்பமரம் கண்ணுக்குத் தெரியவில்லை. "சூடான காப்பியை விட்டுவிட்டு அங்கே என்ன வேலை?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் சிநேகிதர் ஒருவரின் குமாரன் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தான். அதைப் பார்க்கும் ஆவல்தான் நம்மை அங்கே இழுத்துச் சென்றது.

கனடா முதலிய தேசங்களில் கடுங்குளிர் வந்தால் டீசல் எண்ணெயே மெழுகுபோலக் கெட்டியாகிவிடும். அங்கே யந்திரத்தைக் கிளப்புவதே பெரிய பாடம். நம் பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. யந்திரம் கிளம்பிவிடும், நிலந்தான் இடம் கொடுப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் பூமி, ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்து உப்பிப் பசைபோல் ஆகிவிடுகிறது. தையில் மேல்மண் காய்ந்தாலும் அடிமண்ணின் ஈரம் எளிதில் போகாது.

பையன் கழுத்தில் மப்ளர் சுற்றி, மேலே ஒரு துண்டும் போர்த்திக்கொண்டு வந்தான். களத்தில் கதிரடிக்கும் யந்திரத்தை டிராக்டரோடு பூட்டியிருந்தார்கள். கற்றுக்கொடுக்க வந்த டிரைவர் நடுவயதுக்காரர். அவர் கிளட்சைப் பற்றியும் கியரைப் பற்றியும் பேசுவதற்கு முன்பு, "தம்பி, முதலில் துண்டையும் மப்ளரையும் கழற்றி அந்த மரத்தில் போடு" என்றார்.

"குளிருதே, அண்ணே!"

"குளிர் ஒரு மணி நேரத்தில் போய்விடும். இது பிடித்தால் கழுத்தே போய்விடும்" என்று டிராக்டரின் பின்புறத்துத் தண்டைக் காட்டினார்.

அந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். விநாடிக்கு 9 சுற்று. துண்டின் ஒரு நுனி அதில் சிக்கினால், 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆளையே சுருட்டி இழுத்துவிடும். புடவைத் தலைப்பும், முடியாத கூந்தலும் அப்படியே. அதனால்தான் தண்டின் மேல் உறை போட்டு விற்கிறார்கள். இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்! உடம்பைப் போர்த்திக்கொள்ளத் தோன்றும் இந்தப் பனிக்காலத்தில்தான் அபாயமும் அதிகம் என்பது நமக்கு அன்று விளங்கிற்று.

ஒன்பது மணிக்குப் பனி விலகியது. ஒடித்துக் குவித்திருந்த கதிர்களை ஏற்றிவர, டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டும். பையனின் தகப்பனார் மாடு பூட்டி உழுது பழகியவர். அவர் குனிந்து நாலு விரற்கடை ஆழத்தில் மண்ணை எடுத்து உருட்டிக் கீழே போட்டார். உருண்டை உடையவில்லை. "இன்னும் பதம் வரவில்லை. மேட்டுப் பக்கமாகவே போ" என்றார். வானத்தில் மேகம் கூடியிருந்தது. மழை வந்தால் கதிர் நனைந்து நாலு மாத உழைப்பும் வீணாகும். பையன் அவசரத்தில் குறுக்கு வழியாகப் பள்ளத்தில் இறக்கிவிட்டான்.

பின்சக்கரம் புதைந்தது. பையன் வேகத்தைக் கூட்டக் கூட்ட, சக்கரம் தனக்குத்தானே குழி பறித்துக்கொண்டது. கூடியவர்களில் ஒருவர், சக்கரத்தோடு ஒரு கட்டையைச் சேர்த்துக் கட்டிக் கிளப்பலாம் என்று யோசனை சொன்னார். டிரைவர் பதறிப்போய்த் தடுத்தார். சக்கரம் உருள முடியாமல் மாட்டிக்கொண்டால், அதைச் சுழற்றும் பலம் வண்டியையே தூக்கும். முன்சக்கரங்கள் மேலே எழும்பி, வண்டி பின்னால் கவிழ்ந்து ஓட்டுகிறவனை நசுக்கிவிடும். பிறகு டிரெய்லரைக் கழற்றி, சக்கரத்தின் பின்புறத்து மண்ணை வெட்டி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக வெளியேறச் செய்தார். முழுதாக ஒரு மணி நேரம் பிடித்தது. தகப்பனார் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. பையன் தானாகவே ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தான். மேகமும் நல்லவேளையாகக் கலைந்தது.

மறுநாள் அரியலூர் சென்று, அங்கிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூரை அடைந்தோம். அங்கே சம்பா அறுவடை. டயர் வண்டி புதையும் ஈர வயலில், பாரத்தைப் பரப்பித் தாங்கும் 'பெல்ட்' வண்டி சிரமமின்றிச் செல்கிறது. ஆனால் அதன் டிரைவரும் பத்து மணி வரை வரப்பில் உட்கார்ந்தே இருந்தார். "பனி காயட்டும்" என்றார். அரசாங்கக் கொள்முதலுக்கு நெல்லின் ஈரம் பொதுவாக நூற்றுக்கு 17-க்கு மேல் போகக்கூடாது. காத்திருப்பதும் தொழிலில் ஒரு பகுதி என்று கண்டோம்.

மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955 முதலே பண்ணை யந்திரப் பயிற்சிக்கென்று ஒரு மத்திய அரசு நிலையம் நடந்து வருகிறது. நமக்குச் சமீபத்திலேயே வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. டிராக்டர் வாங்கக் கடன் தேடும் குடும்பத்தார், பிள்ளையைச் சில நாட்கள் முறையாகப் பயில்விக்கவும் வழி தேடினால் எவ்வளவு நன்மை! யந்திரம் தெரிந்த டிரைவரிடமும் மண் தெரிந்த தகப்பனாரிடமும் ஒருங்கே கற்பவனே முழுமையாகக் கற்றவன்.

ஊர் திரும்பும் வழியில் மறுபடியும் அந்தக் களத்தைக் கடந்தோம். கதிரடிக்கும் ஓசை கேட்டது. வேப்பமரக் கிளையில் ஒரு துண்டும் ஒரு மப்ளரும் தொங்கிக்கொண்டிருந்தன. மன நிம்மதியுடன் பிரயாணத்தைத் தொடர்ந்தோம்.