நீ பாக்காத கிழமை

போன இலையுதிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு அம்மா போன் எடுத்தா.

"பிள்ளை, பாடம் திரும்பவும் குழம்பிப் போச்சு. ஐபேடில முழுக்கக் கேள்விக்குறியாக் கிடக்கு."

மகளை அப்போதுதான் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தேன். கையிலிருந்த போனிலேயே பக்கத்தைத் திறந்தேன். ஆறாம் பாடம், சந்தைக்குப் போகும் பாடம், படங்களோடு வடிவாக வந்தது.

"எனக்கு வருதே அம்மா. உங்கட ஐபேட் பழசு. அதைத் தூக்கி எறியுங்கோ எண்டு எத்தனை தரம் சொல்லிப்போட்டன்?"

அவ ஒன்றும் சொல்லவில்லை. "சரி, நான் பாக்கிறன்" என்று வைத்துவிட்டா. அந்த "நான் பாக்கிறன்" என்றால் என்ன என்று எனக்குத் தெரிய வந்தது மூன்று கிழமை கழித்துத்தான்.

ஸ்காபரோவில் சனிக்கிழமை காலையில் நடக்கும் ஒரு சின்னத் தமிழ் வகுப்புக்கு அம்மா பாடம் எழுதுகிறா. ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ. இங்கே வந்து முப்பது வருஷம் வேறு வேலைகள் செய்து, ஓய்வு எடுத்த பிறகு திரும்பவும் ஆசிரியை ஆகிவிட்டா. அவ மடிக்கணினியில் எழுதி ஏற்றுவா. தளத்தை நான் பார்த்துக்கொள்வேன். ஒரு சொல்லைத் தொட்டால் அம்மாவின் குரலில் அந்தச் சொல் கேட்கும். என் மகள் 'வாழைப்பழம்' என்று ழகரத்தோடு சொல்லப் பழகியது அப்படித்தான். எனக்கே அது ஒழுங்காக வராது என்பது வேறு கதை.

சனிக்கிழமைகளில் அம்மா அந்த ஐபேடைத்தான் கையில் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவா. 2012-இல் வந்த மாதிரி. அப்பா வாங்கிக் குடுத்தது. அதனால் அதை மாற்றச் சொல்வது லேசான விஷயமில்லை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்கு முன்னால் அது கேள்விக்குறிகளைக் காட்ட, ஒரு பெற்றோர் நல்லெண்ணத்தோடு, "டீச்சர், இதெல்லாம் வேண்டாம். பாடத்தைக் கொப்பியில எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில போட்டுவிடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். மற்ற ஆசிரியர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். படத்தில் சொல்லைத் தொட முடியாது, தேட முடியாது, குரல் வராது. அம்மா என்னிடம் இதைச் சொல்லவில்லை. வேறு ஒரு ஆள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

சேர்வர் வேலைதான் எனக்குச் சோறு போடுவது. அதில் மாஸ்டர்ஸ் வேறு. ஆனாலும், "எனக்கு வருது, அப்ப உங்கட பக்கம்தான் பிழை" என்று ஒரு வாடிக்கையாளரிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் இரண்டு மாதம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இது வேறு மாதிரி விளங்கியிருக்கிறது. மடிக்கணினியில் திறந்தால் சரியாக வருகிறது, ஐபேடில் வரவில்லை. அவவின் தலைமுறைக்கு இதற்கு ஒரே அர்த்தம்: பொன்ற் பிழை. பாமினி காலத்து ஆட்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் ஜேகேபிஓ தெரியும். ஆகவே பழைய பாடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய இடங்களில் ஏதோ பாமினி மிச்சம் இருக்கிறது, பிழை தன்னுடையதுதான் என்று முடிவு செய்து, ஒவ்வொரு பாடமாகத் திரும்ப அடிக்கத் தொடங்கிவிட்டா. இரவில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. நான் பார்க்கப் போன அன்று மூன்று பாடங்கள் முடிந்திருந்தன.

அன்றைக்குத்தான் அந்த ஐபேடை என் கையில் வாங்கி முதல்தரம் ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்த உடனேயே பொன்ற் இல்லை என்று தெரிந்தது. எழுத்துருப் பிழை என்றால் குழப்பத்துக்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கும்: சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு சொல், இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி. இங்கே தலைப்பு இல்லை, பந்தி இல்லை, படம்கூட இல்லை. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி, நடுவில் அங்கங்கே ஒரு ஆங்கில எழுத்து. இது எழுத்து இல்லை. அவிழ்க்காத பொட்டலம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சேர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது அப்படியே அனுப்புவதில்லை. சுருக்கி அனுப்பும், உலாவி விரித்துக் காட்டும். தமிழுக்கு இது மிகவும் தேவை. யுடிஎப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'அம்மா' என்பதை அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகளாகக் கணினி வைத்திருக்கும். ஆக, 15 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் ஒன்றே. இரண்டாவது இரண்டே இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிசிப்பின் தொழில். முன்னால் வந்த துண்டு திரும்ப வந்தால், "இத்தனை பைட் பின்னால போய் இவ்வளவை எடு" என்று ஒரு சின்னக் குறிப்பை மட்டும் எழுதிவிடும். லெம்பலும் ஸிவ்வும் 1977-இல் வெளியிட்ட யோசனை அது. மூன்று பைட் என்று நாங்கள் கட்டும் வரியில் பெரும்பகுதி இப்படித் திரும்பி வந்துவிடுகிறது.

ஜிசிப்பே எங்கள் பாடங்களுக்குப் போதும். ஆனால் கோடை விடுமுறையில் சும்மா இருக்க முடியாமல் நான் புரொட்லியையும் போட்டுவிட்டேன். 2016-இல் தரமாக்கப்பட்ட, இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் முறை. சுவிஸில் இருப்பவர்களுக்குப் பெயர் உடனே விளங்கும்: அவர்களுடைய ஜெர்மனில் சின்னப் பணிஸ். அதற்குள் 13,000-க்கும் மேற்பட்ட சொற்களும் துண்டுகளும் கொண்ட அகராதி ஒன்று முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், ஹிந்தி, ரஷ்யன், அரபு. தமிழ் இல்லை. அந்த எரிச்சலோடுதான் போட்டேன், ஆனாலும் போட்டேன்.

அம்மாவின் ஐபேட் ஐஓஎஸ் 10-க்கு மேல் ஏறாது. ஐஓஎஸ் 11-இலிருந்துதான் அதன் உலாவிக்குப் புரொட்லி விளங்கும். சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால், அதுவும் இல்லை. ஒவ்வொரு உலாவியும் பக்கம் கேட்கும்போதே அக்செப்ட்-என்கோடிங் என்ற வரியில் தனக்கு எந்தச் சுருக்கம் விளங்கும் என்று சொல்லும். ஐபேட் ஜிசிப் என்று சொல்லும், புரொட்லி என்று சொல்லாது. சேர்வரும் அதைப் பார்த்துத்தான் குடுக்கும். பிறகு ஏன் இது? அதைவிட, சில கிழமைகளில் ஏன் எல்லாம் சரியாக வருகிறது?

"எந்தக் கிழமை வந்தது, எந்தக் கிழமை வரேல்லை எண்டு ஞாபகம் இருக்கோ அம்மா?"

அம்மா உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்தா. திகதி, பாடம், வந்ததா இல்லையா என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தா. ஒன்பது கிழமை. ஆறு தரம் வரவில்லை, மூன்று தரம் வந்தது. ஒரு ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு.

"இது என்ன?"

"சிரிக்காதை. நீ பாக்காத கிழமை சரியா வருது."

நான் சிரித்தேன். பிறகு அந்த மூன்று திகதிகளையும் பார்த்தேன். ஒன்று, நான் வேலையாக ஒட்டாவா போனது. ஒன்று, காய்ச்சலில் படுத்தது. மற்றது, நாங்கள் இரண்டு பேரும் கதைக்காமல் இருந்த கிழமை.

சிரிப்பு நின்றுவிட்டது. வழக்கமாக நடப்பது இதுதான்: அம்மா பாடத்தை ஏற்றுவா, எனக்குப் போன் எடுத்து "போட்டிட்டன், பார்" என்பா, நான் உடனே போனில் திறந்து "வந்திட்டுது" என்பேன். அதற்குப் பிறகுதான் அவ அலுமாரியிலிருந்து ஐபேடை எடுப்பா. நான் இல்லாத கிழமைகளில் முதலில் திறந்தது ஐபேட்.

எங்கள் சேர்வருக்கு முன்னால் நானே வைத்த ஒரு கேஷ் இருக்கிறது. ஒரு பக்கத்தை முதலில் யாராவது கேட்டால் சேர்வரிடம் வாங்கிக் குடுத்துவிட்டு, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். புதுப் பாடம் ஏறும் வரை, அல்லது ஏழு நாளுக்கு, கேட்பவர்களுக்கெல்லாம் அந்தப் பிரதிதான். முதலில் கேட்பது என் போன் என்றால் வைத்துக்கொள்ளும் பிரதி புரொட்லி. அதையே ஐபேடுக்கும் தூக்கிக் குடுக்கும்.

அம்மாவுக்கு இப்படிச் சொன்னேன். கொத்துரொட்டிக் கடை. முதல் வாற ஆள் நல்ல உறைப்பாக் கேக்கிறார். குசினியில போட்டுக் குடுக்கினம். முன்னுக்கு நிக்கிற பொடியன் அதே மாதிரி இருபது பெட்டியை அடுக்கி வைச்சு, பிறகு வாற சின்னப் பிள்ளைக்கும் அதையே நீட்டுறான்.

"குசினிக்காரர் சொல்லியிருக்க வேணுமெல்லோ, கேட்டுக் குடு எண்டு."

அதேதான். அந்தச் சொல்லுக்குப் பெயர் வேரி. பக்கத்தோடு சேர்ந்து போகும் தலைப்பு வரிகளில் ஒன்று: "கேட்கும் ஆளின் அக்செப்ட்-என்கோடிங்கைப் பொறுத்து இது மாறும், தனித்தனியாக வை" என்று கேஷுக்குச் சொல்லும் வரி. நான் பாவிக்கும் என்ஜின்எக்ஸ் சேர்வரில் அதை அனுப்பும் அமைப்பு, ஜிசிப்_வேரி, நாங்களாகப் போடாவிட்டால் அணைந்தே இருக்கும். நான் போடவில்லை.

இருந்தாலும் ஊகத்தை வைத்துக்கொண்டு திருத்தக் கூடாது. கர்ல் கட்டளையால் அதே பக்கத்தை மூன்று விதமாகக் கேட்டேன்: ஜிசிப் மட்டும் விளங்கும் என்று, புரொட்லி விளங்கும் என்று, ஒன்றுமே விளங்காது என்று. மூன்றுக்கும் கன்டென்ட்-என்கோடிங் வரியில் புரொட்லி என்றே பதில். வேரி என்ற வரியே இல்லை. உங்களில் யாராவது பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ தளம் நடத்தினால், இந்த மூன்று கேள்வியையும் ஒருதரம் கேட்டுப் பாருங்கோ. உங்கள் புது லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து பார்ப்பது சோதனையே இல்லை.

அமைப்பில் ஒரு வரியை மாற்றி, சேர்வருக்கு அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். ஐபேடில் இன்னும் கேள்விக்குறி. பத்து நிமிஷம் என் ஊகமே பிழை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் நினைவு வந்தது: கேஷில் கிடக்கும் பழைய பிரதிகளில் வேரி வரி இல்லை, அவை ஏழு நாளும் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் துடைத்தேன். முதலில் என் போனில் திறந்தேன், வேண்டுமென்றே. பிறகு அம்மா ஐபேடில் தொட்டா. சந்தை வந்தது. தக்காளி, கத்தரிக்காய், வாழைப்பழம்.

அதே இருப்பில் இன்னொன்றும் பிடிபட்டது. என்ஜின்எக்ஸில் ஜிசிப்பைப் போட்டால் அது தானாகச் சுருக்குவது எச்டிஎம்எல் பக்கங்களை மட்டும்தான். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜேசன் எல்லாம் வேண்டும் என்றால் பட்டியல் எழுத வேண்டும். எங்கள் சொற்பட்டியல் முழுக்கத் தமிழ், ஜேசன் கோப்பு, தளத்திலேயே பெரிய எழுத்துக் கோப்பு. அது இத்தனை நாளும் சுருங்காமலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பட்டியலில் சேர்த்ததும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. படங்களையும் குரல் கோப்புகளையும் சேர்க்காதேங்கோ. அவை ஏற்கனவே சுருங்கியவை. சேர்வரின் நேரம்தான் வீண்.

எல்லாம் முடிய இரவு பதினொரு மணி. அம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா.

"அப்ப என்ர எழுத்தில பிழை இல்லை?"

"இல்லை அம்மா. பிழை என்ரதான். துவக்கத்திலயிருந்தே."

"ஐபேடையும் எறியத் தேவையில்லை."

"இல்லை."

கொப்பியைத் திறந்து பத்தாவது வரியில் திகதியைப் போட்டு, 'வந்தது' என்று எழுதி, அடைப்புக்குள் 'பிள்ளை பார்த்த பிறகும்' என்று சேர்த்தா.

திரும்ப அடித்த மூன்று பாடங்களையும் என்ன செய்வது, பழையதையே விட்டுவிடவா என்று கேட்டேன். எனக்குக் குற்ற உணர்ச்சி, அந்த வேலை வீணாகப் போய்விட்டதே என்று.

"புதுசைப் போடு," என்றா. "பழைய ரெண்டாம் பாடத்தில 'கறி' எண்டு வாற இடத்தில 'கரி' எண்டு அடிச்சு வைச்சிருக்கிறன். மூண்டு வருஷமாப் பிள்ளையளுக்கு நான் கரிதான் தீத்தியிருக்கிறன், ஒருத்தரும் சொல்லேல்லை."

நானும் அந்தப் பாடத்தை மகளோடு இருந்து எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன்.