ஆறு அங்குலத் திரையில் தமிழ்

அன்புள்ள அண்ணை,

கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு சின்ன எழுத்து வாசிக்க முடியவில்லை, விலை குறைந்த ஈ-ரீடர் ஒன்று பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தீர்கள். கருவியைப் பற்றி யோசிக்கும் முன், அதில் என்னென்ன நூல்கள் ஏறப்போகின்றன என்று யோசித்தேன். உங்களுக்கு அதுதான் முக்கியம்.

இங்கே டொராண்டோவில் இருப்பவர்களுக்குக் கோபோ வாங்கச் சொல்வது சுலபம். 2009இல் இந்த ஊரில் தொடங்கிய நிறுவனம் அது. இப்போது ஜப்பானின் ரக்குட்டென் கையில். நூலக அட்டை எண்ணைக் கருவியிலேயே பதிந்துவிட்டால் பொது நூலகத்தின் மின்னூல்களை வீட்டிலிருந்தே இரவல் எடுக்கலாம். அமேசானின் கிண்டிலில் அந்த வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களுக்கு டொராண்டோ நூலக அட்டையால் பயன் இல்லையே. ஆகவே வேறு காரணம் பார்க்க வேண்டும்.

முதலில் திரை. இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். கிண்டிலின் விலை குறைந்த மாதிரியில் 2022 வரை அங்குலத்துக்கு 167 புள்ளிகள்தான். அதன் பிறகுதான் 300 ஆனது. ஆங்கிலத்துக்கு 167 போதும் என்பார்கள். தமிழுக்குப் போதாது. எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி மங்கினால் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகிவிடும், ணகர னகரச் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். பழைய கருவிதான் வாங்குவதென்றால் 2015க்குப் பிந்திய கிண்டில் பேப்பர்வைட் பாருங்கள். அதில் 300 இருக்கிறது. பற்றரி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கண்ணுக்கும் ஈ-ரீடர் நல்லது. போன் திரை வெளிச்சத்தைக் கண்ணில் பாய்ச்சும். ஈ-ரீடரின் மின்மைத் திரையிலோ நுண்குமிழ்களுக்குள் இருக்கும் கறுப்பு வெள்ளைத் துகள்கள் மின்சாரத்தால் இடம் மாறி எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. அதனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் நிற்கும். எழுத்தையும் விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கலாம்.

இனி நூல்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தவர். சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரை அங்கே இலவசம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தார் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப் தருகிறார்கள். எவ்வளவு பெரிய உதவி அது! எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருப்பதால் கொம்பு இடம் மாறாது. ஈபப் கோப்புகளில்தான் கவனம் வேண்டும். சில கருவிகளில் ‘கொ’ என்பது உடைந்து, கொம்பு ககரத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். கோபோவில் கோரீடர் என்ற இலவச மென்பொருளையும் ஒரு தமிழ் எழுத்துருவையும் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இருக்கும் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை இதில் வாசிக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பக்கத்தை அப்படியே படமெடுத்தவை. ஆறு அங்குலத்தில் அந்த எழுத்து எறும்பு போலத் தெரியும்; பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இழுக்க வேண்டும். கோரீடர் ஓரத்தை வெட்டித் தரும், அதுவும் ஓரளவுக்குத்தான். அவற்றுக்கு மகளின் டாப்லெட்தான் சரி.

என் தெரிவு கோபோ கிளாரா பிடபிள்யூ. 2024இல் வந்தது, 300 புள்ளி, 16 ஜிபி, தண்ணீர் பட்டாலும் பயமில்லை. பற்றரியையும் திரையையும் மாற்ற உதிரிப் பாகங்களும் வழிகாட்டியும் கிடைக்கின்றன. பழுதென்றால் கடல் கடந்து அனுப்ப வேண்டியதில்லை. கிண்டில் கடையில் 2016 முதல் தமிழ் நூல்கள் விற்கிறார்கள், எண்ணிக்கையும் அதிகம், உண்மை. ஆனால் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைக்கும் வழியை 2025 பெப்ரவரியில் அமேசான் எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய நூல் நம் அலுமாரியில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

சித்திரையில் ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். எந்தெந்த நூல்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்புங்கள். ஏற்றி, ஒவ்வொன்றிலும் சில பக்கம் திறந்து எழுத்துச் சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவேன்.

அன்புடன்,
தம்பி
ஸ்காபரோ